மழையில் ஓடிய மீசை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் ஒரு மடையன். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்கள் இதற்குள் நீங்களாகவே கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் சொல்லிக்கொண்டால் எனக்கும் ஒரு மரியாதை.

அறிவியல் வாத்தியாராக இருந்துகொண்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் முன்னால், “மழையில் ஓடினால் நடப்பதைவிட அதிகம் நனைவோம்” என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் சாதாரண மடையனாகத் தப்பியிருப்பேன். “இது தப்புன்னா என் மீசையை எடுத்துக்கிறேன்” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மீசைகள் இப்படிப் பணயம் வைக்கப்படுகின்றன! டீக்கடையில், தேர்தலில், கிரிக்கெட்டில், மாமியார் வீட்டில். அவற்றில் ஒன்றாவது உண்மையிலேயே எடுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு பேச்சு. சொல்லுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும்.

நான் பாடம் நடத்திய வியட்நாமின் சைகோன் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே

சைகோனின் புதுப் புறநகரான பூ மி ஹங்கில் அப்போது பாதிக் கட்டடங்கள் எழும்பியிருந்தன, மீதிக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. பாடம் ஆங்கிலத்தில்தான். இங்கே எல்லோரையும் தமிழில் பேச வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஆண் ஆசிரியரைக் கூப்பிடும் சொல் நம் காதுக்குத் ‘தாய்’ என்றுதான் விழும். காரைக்காலிலிருந்து போன நான் முதல் வாரம் முழுக்க, யாருடைய அம்மா வந்திருக்கிறார் என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது. இருபத்தாறு பிள்ளைகளுக்கு மீசை வைத்த தாயாக வாழ்ந்தேன்.

மழைக்காலம். மதியம் மூன்று மணிக்கு யாரோ குழாயைத் திறந்துவிட்டது போல மழை கொட்டும். சூடான சிமெண்டுத் தரையிலிருந்து ஆவி கிளம்பும். வெளியே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் அத்தனையும் ஓரமாக நின்று, சீட்டைத் தூக்கி, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் மழைக்கோட்டை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொள்ளும். ஒரு நிமிஷத்தில் சாலையே நீலமும் பச்சையும் மஞ்சளுமாக மாறிவிடும்.

அன்றைக்கு வகுப்பில் ‘சோதனை ஒன்றைத் திட்டமிடுவது எப்படி’ என்ற பாடம். வெளியே ஒரு பையன் மழையில் விழுந்தடித்து ஓடினான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“பாருங்க, ஓடுறான். இன்னும் அதிகமாத்தான் நனைவான்” என்றேன்.

முன்வரிசையில் லின் என்று ஒரு பெண். ஒல்லி, வட்டக் கண்ணாடி, எப்போதும் சீவிய பென்சில். “எப்படித் தெரியும், தாய்?”

“நடக்கிறவன் மேல மழை வந்து விழுது. ஓடுறவன் தானே போய் மழையை முட்டுறான். ரெண்டு பக்கமும் அடி.”

“யார் அளந்து பார்த்தது?”

யாரும் அளக்கவில்லை. என் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சொன்னார், நான் நம்பினேன், அவ்வளவுதான். மழை வந்தால் விசிலை ஊதி, “ஓடாதீங்கடா, ஓடினா ரெண்டு மடங்கு நனைவீங்க!” என்று கத்துவார். பாசி பிடித்த முற்றத்தில் நாங்கள் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை என்று எனக்கு உறைக்க நாற்பத்தைந்து வயதாயிற்று. அந்த நாற்பத்தைந்தாவது வயது வருவதற்கு இரண்டு நாள் முன்பு இந்தக் கேள்வி வந்தது.

பதில் இல்லாதபோது ஆண்பிள்ளை என்ன செய்வான்? மீசையில் கை வைப்பான். வைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

மீசையின் முன்கதை

சாதாரண மீசை என்று நினைத்துவிடாதீர்கள். என் கல்யாணமே அதனால்தான் நடந்தது.

பெண் பார்க்கப் போன அன்று, மல்லிகா கதவுக்குப் பின்னால் நின்று தன் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “மீசை பரவால்ல.”

மற்றதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு ‘பரவால்ல’வைப் பதினெட்டு வருஷமாகச் சட்டம் போட்டு மாட்டாத நற்சான்றிதழாக வைத்திருந்தேன். தினமும் காலையில் சின்னக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. எங்கள் குடும்பத்தைத் தாங்குகிற தூண் என் மூக்குக்குக் கீழே இருப்பதாகத்தான் என் எண்ணம்.

அதனால் பந்தயத்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒன்றைத்தான் மாற்றலாம்

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் பலகையில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. மேலே கேள்வி: ஓடினால் அதிகம் நனைவோமா, நடந்தாலா? கீழே ஒரு மீசையின் படம். கொஞ்சம் பெரிதாகவே வரைந்திருந்தார்கள்.

சரி, பாடமாவது நடக்கட்டும் என்று ஆரம்பித்தேன். “ஒரு சோதனையிலே ஒரு நேரத்துல ஒன்றைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா, எதனால என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. சொல்லுங்க, இங்கே எதை மாத்துறோம்?”

“ஓட்டமா நடையா. அது மட்டும்தான்” என்றாள் லின்.

“எதை அளக்கிறோம்?”

“சட்டை எவ்வளவு தண்ணி குடிச்சதுன்னு. காஞ்சதை நிறுக்கணும், நனைஞ்சதை நிறுக்கணும்.”

“எதெல்லாம் மாறாம இருக்கணும்?”

“தூரம்!” “தராசு!” “சட்டை!” என்று குரல்கள். கடைசி வரிசையிலிருந்து மின் என்ற குண்டுப் பையன், “மழை!” என்றான்.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மழையை எப்படி ஒரே மாதிரி வைத்திருப்பது? எனக்குள் ஒரு சந்தோஷம். சோதனை இங்கேயே படுத்துவிடும், மீசை தப்பிவிடும்.

லின் பென்சிலைக் கன்னத்தில் தட்டினாள். “ரெண்டு பேர் ஒரே நேரத்துல போனா, ரெண்டு பேருக்கும் ஒரே மழைதானே?”

“ஆனா ரெண்டு பேரும் ஒரே அளவா இருக்கணுமே” என்றேன் அவசரமாக.

இருபத்தாறு ஜோடிக் கண்கள் என் தொப்பையில் வந்து நின்றன. பிறகு வகுப்பே ஒரே குரலில் கத்தியது: “தாய் சொக்கு!”

சொக்கலிங்கம் அண்ணன் எங்கள் கணக்கு வாத்தியார். காரைக்குடிப் பக்கத்துக்காரர். உயரம், அகலம், தொப்பை மூன்றிலும் எனக்குச் சகோதரர். வித்தியாசம் ஒன்றுதான், முகம் மழமழவென்று இருக்கும்.

அதை மின் விடவில்லை. “தாய் சொக்குவுக்கு மீசை இல்லையே. மீசையிலே தண்ணி நிக்குமே?”

“நாம சட்டையைத்தானே நிறுக்கிறோம்” என்றாள் லின்.

“மீசையையும் நிறுக்கலாமே?”

“அதை அப்புறம் தனியா நிறுத்துக்கலாம்.”

அந்தத் ‘தனியா’வை அவள் சொன்ன விதத்தில் என் மேலுதடு குளிர்ந்தது.

“அது போக, ஒரே அளவா இருந்தாலும் ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்லை” என்று அவளே தொடர்ந்தாள். “அதனால ஒரு தடவை நீங்க நடக்கணும், அவர் ஓடணும். அடுத்த தடவை அவர் நடக்கணும், நீங்க ஓடணும்.”

நான் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் முடிந்துவிட்டது. நான் இன்னும் சாக்பீஸையே எடுக்கவில்லை.

மீசை இல்லாதவரிடம் ஒரு விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை நகரத்துத் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். சொக்கு அண்ணன் ஞாயிறு தவறாமல் அங்கே விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார்.

சன்னிதியில் கண்ணை மூடி, “முருகா, இயற்பியலை ஒரே ஒரு நாள் மாற்றி வை” என்று வேண்டினேன். பக்கத்தில் ஒரு வியட்நாம் அம்மாள் கைநிறைய ஊதுபத்தியோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வேண்டுதல் என்னுடையதைவிட நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. எதிரில் நிற்பவருக்கு மீசையே இல்லை. தலையிலும் முடி இல்லை. அவரிடம் போய் முடிக்காக அழுகிறேன்.

அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். “என்ன தம்பி, ஒரு முடி விசயத்துக்கு முருகனைத் தொந்தரவு பண்ணுறியளா?”

“நீங்க ஓடாம இருந்திடுங்கண்ணே. கால்வலின்னு சொல்லுங்க.”

“நல்லாருக்கே! பிள்ளைக இப்பத்தான் என்னைய ஒரு ஆளா மதிச்சுக் கூப்புட்டுருக்குக. கணக்குப் பாடத்துக்கு இம்புட்டு மரியாதை ஒரு நாளும் கெடச்சதில்ல. நான் ஓடுவேன்ங்கிறேன்!”

காலையிலேயே ஓடிப் பழகியதாகவும் சொன்னார். துரோகி.

அன்பு என்னும் காரணம்

திங்கட்கிழமை மூன்று மணி. பள்ளி வாசலிலிருந்து கேண்டீன் வரை ஓடுபாதை. விளையாட்டு அறையிலிருந்து ஒரு கட்டுக் கிளிப்பச்சைச் சட்டைகள், எல்லாம் ஒரே அளவு. கேண்டீன் சமையல்கார அம்மாள் மீன் நிறுக்கும் தட்டுத் தராசைக் கொடுத்தார். சட்டைகளை நிறுத்து முடித்தபோது நாங்கள் இருவரும் கெளுத்தி வாசம் வீசினோம்.

மழை வந்தது. மின் தூக்கிய கையை இறக்கி ஓட்டத்தைத் துவக்கினான். சொக்கு அண்ணன் தொப்பையை முன்னே அனுப்பி அதன் பின்னால் ஓடினார். நான் நகராட்சித் தலைவர் திறப்பு விழாவுக்குப் போகிற மாதிரி நடந்தேன்.

நாலு அடி போயிருப்பேன். பின்னாலிருந்து தடதடவென்று சத்தம். பள்ளிக் காவலாளி சூ பாய். ‘சூ’ என்றால் சித்தப்பா, ‘பாய்’ என்றால் ஏழு, அது வீட்டில் பிள்ளைகள் வரிசையில் அவருடைய எண். அறுபது வயது மனிதர், மழையில் ஓடி வந்து, நீல மழைக்கோட்டு ஒன்றை என் தலைவழியாக மாட்டி, கழுத்தில் பட்டனும் போட்டுவிட்டார். நான் கையை ஆட்டினேன். குளிர்கிறது என்று நினைத்து, தலைமூடியை இழுத்துக் கட்டினார்.

அந்த ஊரில் ஒருவன் மழையில் கோட்டில்லாமல் நடப்பதை எவராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெரியாத ஆளாக இருந்தாலும் கூப்பிட்டு மாட்டிவிடுவார்கள்.

தராசில் அண்ணன் சட்டையை வைத்தார்கள். முள் எகிறியது. என் சட்டையை வைத்தார்கள். இருந்த இடத்திலேயே இருந்தது.

“பாத்தீங்களா!” என்று குதித்தேன். “ஓடினவர் நனைஞ்சார், நடந்தவர் நனையல. இதுதான் அறிவியல்!”

“தாய், மழைக்கோட்டு” என்றாள் லின்.

“எந்த மழைக்கோட்டு?”

கேட்கும்போது அதை வெற்றுடம்பின் மேல் போட்டுக்கொண்டுதான் நின்றேன். ஓரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு உண்மையிலேயே ஆசை வந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் பெரிய கவலை இல்லை. “நேரமாச்சு, இதையே எழுதிக்கோங்க” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன். லின் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள்.

“அழிச்சிடுறியாம்மா?”

“அழிக்க மாட்டேன். நடந்ததை எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

எட்டிப் பார்த்தேன். ‘முதல் ஓட்டம்: கெட்டது. காரணம்: சூ பாயின் அன்பு.’

மழை நின்றுவிட்டது. அங்கே அப்படித்தான், வந்த வேகத்தில் போய்விடும்.

காரணம் இன்னொன்று

செவ்வாய்க்கிழமை முதல் வேலை சூ பாயைச் சமாதானப்படுத்துவது. லின்தான் மொழிபெயர்த்தாள்.

“உங்களுக்குக் காய்ச்சல் வந்தா உங்க மனைவிக்கு யார் பதில் சொல்றதுன்னு கேக்கிறார்.”

“நானே சொல்லிக்கிறேன்னு சொல்லு.”

“நீங்க சொன்னா அவங்க நம்புவாங்களான்னு கேக்கிறார்.”

மல்லிகாவை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். நல்ல ஆள் கணிப்பு.

கடைசியில் அவர் கையில் விசிலைக் கொடுத்து, ஓட்டத்தைத் துவக்கி வைக்கும் பதவி கொடுத்தோம். குடைக்குக் கீழே விறைப்பாக நின்று ஊதினார். நீல மழைக்கோட்டு மட்டும் கக்கத்தில் தயாராக இருந்தது.

இரண்டாவது ஓட்டம். அண்ணன் ஓடினார், நான் கோட்டில்லாமல் நடந்தேன். தொண்டைக்குழி வழியாக இறங்கிய தண்ணீர் எங்கெங்கே போனது என்பதை ஒரு வார இதழில் எழுத முடியாது. தராசில் என் சட்டையைப் போட்டதும் தட்டு ‘டங்’ என்று கீழே இடித்தது. அண்ணன் சட்டைக்கு முள் அதில் பாதி தூரம்தான் போனது.

ஆனால் இன்னும் ஆளை மாற்றவில்லை. நான் ஓடி, நான் அதிகம் நனைந்துவிட்டால், ஓட்டத்துக்கு ஒன்று, நடைக்கு ஒன்று என்றாகிவிடும். சோதனையில் தெளிவில்லை என்று சொல்லி மீசையோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

மூன்றாவது ஓட்டத்தில் ஓடினேன். கேண்டீனுக்கு நேராக ஓடவில்லை, மொட்டைமாடித் தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு நேராக ஓடினேன். அதன் கீழே கால் வழுக்கியது போல ஒரு நிமிஷம் நின்றேன். சுகமாகத்தான் இருந்தது.

“தாய், குழாய்” என்றாள் லின், கேண்டீன் வாசலிலிருந்து.

“அது வழியிலே இருந்தது.”

“வழி அந்தப் பக்கம்.”

நோட்டைப் பார்த்தேன். ‘மூன்றாவது ஓட்டம்: கெட்டது. காரணம்: ஆசிரியர்.’

சொக்கு அண்ணன் மழையில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். “அவரு அன்பால கெடுத்தாரு, நீங்க கொழுப்பால கெடுத்திய!”

நான்காவது ஓட்டம். இந்த முறை நேராக ஓடினேன். வேறு வழியில்லை, மின் கையை விரித்துக் குழாய்க்கு முன்னால் காவல் நின்றான். சூ பாய் விசில் ஊத, தொப்பை குலுங்க, மூச்சு இரைக்க ஓடினேன். அண்ணன் ராஜநடை போட்டு வந்தார்.

ஓடிய என் சட்டை லேசு. நடந்த அண்ணன் சட்டை கனம். தராசுக்கு மீன், மனிதன் பேதமில்லை.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். லின் மட்டும் அமைதியாக முடிவை எழுதி, என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். ‘ஓடினால் குறைவாக நனைவோம்.’ அதற்கு அடியில் ஒரு வரி: ‘ஆசிரியரின் மீசை: நிலுவையில்.’

வேண்டுமானால் அந்த வரியை அடித்துவிடுகிறேன், மீசைக்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்றாள் பாவம். நல்ல பெண். நானே வேண்டாம் என்றேன். நடந்ததை எழுதணும் என்று சொன்னவன் நான்தானே.

முள் அசையவில்லை

தெருவில் தண்ணீர் தேங்கி, பள்ளி பஸ் வரத் தாமதம். அதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று அண்ணன் என்னைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மதில்சுவரில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டி, ஒரு நாற்காலி போட்டிருக்கும் முடிதிருத்துபவர்.

என் மீசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஓரத்தை வெட்டவா என்று சைகையில் கேட்டார். முழுவதும் என்று காட்டினேன். நம்பாமல் அண்ணனைப் பார்த்தார். “எடுங்கங்கிறேன்” என்றார் அண்ணன், சுத்தத் தமிழில். அது அவருக்குப் புரிந்துவிட்டது.

நாலு இழுப்பு. பதினெட்டு வருஷ நற்சான்றிதழ் போயிற்று. கண்ணாடியில் யாரோ ஒரு குமாஸ்தா முழித்துக்கொண்டிருந்தான். மேலுதட்டில் காற்று பட்டது. அங்கே அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அண்ணன் முடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள் மொத்தமும் கேண்டீனில் தராசைச் சுற்றி நின்றார்கள். மின் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினான்.

முள் அசையவேயில்லை.

லின் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தாள். “ஒண்ணுமேயில்லை, தாய்” என்றாள் வருத்தமாக.

வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால், காலையில் போட்டு வந்த என் சட்டையை ஜன்னலோரம் வைத்ததில் சாரலடித்துத் தெப்பமாகக் கிடந்தது. விளையாட்டு அறைச் சட்டைக் கட்டில் மிஞ்சியிருந்த கிளிப்பச்சைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன்.

வழியெல்லாம் ஒத்திகை. மல்லிகா அழுவாளா? கோபப்படுவாளா? தன் அக்காவுக்குப் போன் போடுவாளா? கல்யாணத்தின் ஆதாரத்தையே தெருவோர நாற்காலியில் விட்டுவிட்டு வருகிறவன் என்ன சமாதானம் சொல்வது?

கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு மணி அடித்தேன். கதவைத் திறந்தவள் கையில் கத்திரிக்காயும் கத்தியும். உள்ளே போய், விளக்குக்கு நேர் கீழே நின்று, கைக்குட்டையை மெதுவாக இறக்கினேன்.

“மல்லிகா, என்னை நல்லாப் பாரு. இன்னைக்கு ஒரு பெரிய மாத்தம் நடந்திருக்கு. என்னன்னு தெரியுதா?”

கத்தியைக் கீழே வைத்தாள். தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். காலிலிருந்து மேலே வந்தாள். முகத்தில் வந்து நின்றாள். நான் மேலுதட்டை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினேன்.

“சட்டை” என்றாள்.